ஹப்பி வலி: கிளெயர் செய்தது துரோகமா?

கேள்வி: பாலையூற்றான்

வணக்கம். ஹப்பி வலி (Happy Valley) என்ற பிரித்தானியப் பொலிஸ் தொலைக்காட்சித் தொடரின் மூன்று பருவங்களையும் பார்த்து முடித்தவர்களிடம் மட்டுமே இதைக் கேட்கிறேன். இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இழையைத் திறந்த கையோடு மூடிவிடுங்கள்; கடைசிக் காட்சியைத் தொடாமல் என் கேள்வியைக் கேட்க வழியில்லை.

போன மாதம் முழுவதும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மடிகணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தி, அம்மாவும் நானுமாகப் பதினெட்டு அத்தியாயங்களையும் பார்த்தோம். யோர்க்ஷயர் ஆங்கிலம் எனக்கே பாதிதான் பிடிபட்டது. துணைவரிகளைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் சமையலறைக் காட்சிகளில் நான் வாய் திறப்பதற்கு முன்பே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிடும்.

தொடரின் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை நிகழ்கிறது. உச்சரிப்பை ஒட்டி எழுதினால் ‘வலி’ என்று வருகிறது. வேறு சிலர் ‘வேலி’ என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர். போதைப்பொருள் மலிந்து கிடக்கும் கோல்டர் பள்ளத்தாக்குக்குப் பொலிசார் கிண்டலாக வைத்த பெயர் என்றுதான் சொல்லப்படுகிறது. என்றாலும் பதினெட்டு அத்தியாயங்களுக்குப் பிறகு ‘வலி’ என்ற எழுத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கத்தரீன் கேவுட், துப்பறியும் பிரிவை விட்டுச் சீருடைக்குத் திரும்பிய ஒரு சார்ஜன்ட். அவருடைய மகள் பெக்கியை டொமி லீ றோய்ஸ் என்பவன் வன்புணர்கிறான். குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் பெக்கி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்தக் குழந்தையை, அதாவது றையனை, கணவனும் மகனும் ஏற்க மறுத்துவிட, ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் தங்கை கிளெயரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கத்தரீன்தான் வளர்த்தெடுக்கிறார். மூன்றாம் பருவத்தில் றையனுக்கு வயது 16. சிறையிலிருக்கும் றோய்ஸைப் பார்ப்பதற்காக அவனைக் கிளெயரும் அவருடைய துணைவர் நீலும் கத்தரீனுக்குத் தெரியாமல் ஷெஃபீல்ட் நகரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து போன கத்தரீன், தேநீர்க் கடையில் இருக்கும் தங்கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் அழைத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறார். கிளெயர் பொய் சொல்கிறார்.

கொலையும் இரத்தமும் நிறைந்த ஒரு தொடரில், யாரும் குரல் உயர்த்தாத அந்தத் தொலைபேசி உரையாடல்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நான் கத்தரீன் பக்கம். பெற்ற மகளைச் சாகக் கொடுத்த ஒருவருடைய முதுகுக்குப் பின்னால், அவருடைய உப்பைத் தின்றுகொண்டே, அந்தக் கொடியவனிடம் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கிறதா? அம்மாவோ கிளெயர் பக்கம். “பிள்ளை கேட்கத் தொடங்கிவிட்டால் பிறகு எந்தக் கதவைப் பூட்டி என்ன பயன்? தனியே போகப் போகிறவனுடன் பெரியவர் ஒருவர் கூடப் போனாரே, அதைப் பார்” என்கிறார். இரண்டு நாட்களாக வீட்டில் இதே கதைதான். நேற்று மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து இன்னொரு நியாயம் சொல்லிப்போனார். உங்கள் தீர்ப்பு என்ன?

இதோடு சிறிய கேள்வி ஒன்று. எங்கள் ஊரில் சார்ஜன்ட் என்றால் பெரும்பாலும் முறைப்பாட்டுப் புத்தகத்துக்கு முன்னால் அமர்ந்திருப்பவரைத்தான் கண்டிருக்கிறேன். கத்தரீன் ஒரு நிலையத்தையே ஆட்டிவைக்கிறார். அது நாடகத்துக்காகச் செய்த மிகையா, அங்கே நடைமுறையே அப்படித்தானா?

மறுமொழி: அம்மன்கோவிலடி

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். உங்கள் அம்மா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் இருவருமே இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போனது ஒன்று. அக்காவிடம் பொய் சொன்னது வேறொன்று. முதலாவதை நான் மன்னிப்பேன்.

றையனை எங்கள் ஊர்ப் பிள்ளையாகவே என்னால் பார்க்க முடிந்தது. தாயோ தகப்பனோ இல்லாமல் அம்மம்மாக்களால் வளர்க்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள், யுத்தத்துக்குப் பிந்திய வருடங்களில், என் வகுப்பறையில் இருந்திருக்கிறார்கள். சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பு மாணவர்களின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களைப் பாடசாலை மூலமாகத்தான் அனுப்புவோம். அதற்காகப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்வோம். ஒரு வருடம் ஒரு பையன் சான்றிதழை நான்காக மடித்தபடியே என் மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றான். விரித்துப் பார்த்தேன். தந்தையின் பெயர் வரவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு கீறப்பட்டிருந்தது. அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதான் அவனுக்கு அதுவரை சொல்லி வைத்திருந்தார்கள். “ரீச்சர், இது என்ன கோடு?” என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத இப்போது மனமில்லை. நல்ல பதிலாக அது இருக்கவில்லை.

ஆகவே, றையன் அந்த மனிதனைத் தன் கண்ணால் பார்க்க விரும்பியதில் எனக்கு வியப்பே இல்லை. இரண்டாம் பருவம் 2016இல் வந்தது, மூன்றாவது 2023 ஜனவரி முதலாந் திகதிதான் தொடங்கியது. இடையில் ஏறக்குறைய ஏழு வருடங்கள் கதாசிரியை சாலி வெயின்ரைட் காத்திருந்தார். றையனாக நடித்த றீஸ் கொனா என்ற அந்தச் சிறுவன் வளர்ந்து, தன் தகப்பனைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதுக்கு வரவேண்டும் என்பதே காரணம். வேறொரு பெரிய பையனைப் போட்டு அடுத்த வருடமே எடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், முதலாம் பருவத்தில் பாடசாலையில் தொல்லை கொடுத்துக்கொண்டு திரிந்த அந்தச் சின்ன முகமே, வளர்ந்து, கத்தரீனுக்கு எதிரே நின்று கேள்வி கேட்கும்போது உண்டாகும் பாரம் கிடைத்திருக்காது.

துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கடைசி அத்தியாயத்தில் தப்பியோடிய றோய்ஸ், காயத்தோடு கத்தரீனின் சமையலறையில் வந்து உட்கார்ந்து, றையனின் சிறுவயதுப் படங்கள் உள்ள அல்பத்தைப் புரட்டுகிறான். பிறகு தன்மேல் பெற்றோலை ஊற்றி நெருப்பு வைத்துக்கொள்கிறான். அந்த நெருப்பைக் கத்தரீன் அணைக்கிறார். எல்லாம் முடிந்தபின் தங்கையிடம் தொலைபேசியில் அவர் சொல்லும் செய்தியைக் கவனித்தீர்களா? ஒரு சின்னக் கைகலப்பு, தானே வென்றுவிட்டதாகச் சொல்லி, கிளெயர் குரோஷேயால் பின்னிய போர்வை ஒன்று கருகிப்போயிருக்கலாம் என்கிறார். மன்னித்தேன் என்ற சொல் அங்கே இல்லை. எங்கள் வீடுகளிலும் அக்கா தங்கைகளுக்கு இடையில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை; பேச்சு முறிந்து மூன்று மாதம் கழித்து, “உன்னுடைய தோசைக்கல் என்னிடம் கிடக்கிறது, வந்து எடு” என்றுதான் வரும்.

மறுமொழி: கச்சேரியடி

பாலையூற்றான் அண்ணா, நான் சட்டத்தரணி ஒருவரிடம் கனிஷ்டராக இருக்கிறேன். முதலில் உங்கள் சிறிய கேள்விக்குப் பதில்.

அது மிகை இல்லை. எங்கள் பொலிசில் சார்ஜன்டுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் இடையே உப பொலிஸ் பரிசோதகர் (எஸ்.ஐ.) என்ற தரம் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் படியே கிடையாது. கான்ஸ்டபிள், அதற்கு மேலே சார்ஜன்ட், அதற்கு மேலே இன்ஸ்பெக்டர். ஆகவே ஒரு முறைமாற்றத்தில் வேலைசெய்யும் கான்ஸ்டபிள்களைத் தெருவில் நேரடியாக நடத்துவது சார்ஜன்டின் பொறுப்பாகிறது. எங்கள் கணக்கில் பார்த்தால் கத்தரீனின் வேலையை எஸ்.ஐ. ஒருவரின் வேலையோடு ஒப்பிடுவதுதான் சரி. இன்னொன்று: துப்பறியும் சார்ஜன்ட் என்பது சீருடைச் சார்ஜன்டைவிட உயர்ந்த பதவி இல்லை, இரண்டும் ஒரே தரம், பிரிவுதான் வேறு. இது விளங்கினால், வழக்கைத் துப்பறிவாளர்கள் பறித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் கத்தரீனின் முகத்தில் ஏன் அந்தச் சிரிப்பு வருகிறது என்பதும் விளங்கிவிடும். அவர் அந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டு, மகளின் சாவுக்குப் பிறகு, தானாகவே விலகி வந்தவர்.

கைத்துப்பாக்கி இல்லாமல் போவதையும் இங்கிருந்து பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். இங்கிலாந்தில் சாதாரண ரோந்துப் பொலிசாரிடம் துப்பாக்கி கிடையாது. தடியும் கண்ணெரிவுத் தெளிப்பானும் வானொலியுமாக, மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைக்குத் தனியே இறங்கும் முதலாம் பருவத்தின் நாலாம் அத்தியாயத்தை, ரி-56 துப்பாக்கி தோளில் தொங்கும் சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன எங்களால் வேறு விதமாகத்தான் பார்க்க முடிகிறது.

இப்போது கிளெயர். சட்டம் படித்தவளாக ஒன்றைச் சொல்கிறேன். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பெக்கிக்குச் செய்த குற்றத்துக்காக றோய்ஸ் ஒருபோதும் தண்டிக்கப்படவே இல்லை. முதலாம் பருவத்தின் தொடக்கத்தில் அவன் சிறையிலிருந்து வெளியே வருவது போதைப்பொருள் வழக்கில் தண்டனையை முடித்துக்கொண்டுதான். பிறகு அவன் ஆயுட்காலக் கைதியாவது வேறு கொலைகளுக்காக. பெக்கி இறந்துவிட்டாள், முறைப்பாடு இல்லை, சாட்சியும் இல்லை. எனவே றையனிடம், “உன் தகப்பன் இதைச் செய்தான்” என்று கத்தரீன் சொல்லும்போது, அதற்குப் பின்னால் எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் நிற்கவில்லை. அவருடைய வார்த்தை மட்டுமே நிற்கிறது. கத்தரீனின் கோபத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. கிளெயர் றையனை அங்கே கூட்டிப்போனதன் மூலம் அந்த ஒரேயொரு சாட்சியின் வார்த்தையைச் சந்தேகத்துக்கு உட்படுத்திவிட்டார். துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கத்தரீன் அதைத் துரோகமாக உணர்ந்ததற்கு முழு உரிமையும் அவருக்கு உண்டு.

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியப் பொலிஸ் தொடர்களில் விசாரணை அறைக் காட்சிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய 1984ஆம் ஆண்டுப் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுகள் சட்டம். அதன் கீழ் விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. ஆளை அடைத்து வைக்கலாமா என்பதை விசாரிக்கும் அதிகாரி அல்லாத, காவலுக்குப் பொறுப்பான வேறொரு சார்ஜன்ட் தீர்மானிக்கிறார். 24 மணித்தியாலங்களுக்குள் குற்றம் சாட்ட வேண்டும் அல்லது விட வேண்டும். பாரதூரமான குற்றங்களில் மேலதிகாரியின் அனுமதியோடு 36 மணித்தியாலம், நீதவானிடம் போனால் மொத்தம் 96 வரை நீட்டலாம். அறைக்குள் சொன்ன சொல் நீதிமன்றத்துக்குப் போகும். லைன் ஒவ் டியூட்டி தொடரில் ஒரு மேசையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து கதைப்பதையே அத்தியாயத்தின் உச்சமாக்க முடிந்தது அதனால்தான். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டவர்களும் பெற்ற ஒப்புதலை ஏற்கிறது. அந்த விதிவிலக்கு இந்த மண்ணில் யாருடைய வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்குச் சொந்தமாகவும் ஓர் அனுபவம் உண்டு. படிக்கிற காலத்தில் கைப்பை திருட்டுப்போய், ஒரு நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நான் தமிழில் சொன்னதை அவர் சிங்களத்தில் எழுதினார்; வாசித்துக் காட்டவில்லை; கையொப்பம் வைக்கச் சொன்னார், வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஹப்பி வலியில் வாக்குமூலம் எடுக்கும் சாதாரணக் காட்சிகளைக்கூட நான் இரண்டு தடவை பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

மறுமொழி: கொட்டியாரக் கரை

சகோதரர் பாலையூற்றானுக்கு மூதூரிலிருந்து ஸலாம். ஹடர்ஸ்ஃபீல்டில் இரண்டு வருடம் படித்தவன் என்ற முறையில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

படப்பிடிப்பு நடந்த ஹெப்டன் பிரிட்ஜ், சவர்பி பிரிட்ஜ், ஹலிஃபக்ஸ் பக்கமெல்லாம் பழைய நெசவாலைப் புகை படிந்து கறுத்த கல் வீடுகள். ஹெப்டன் பிரிட்ஜில் நிலம் செங்குத்தாக இருப்பதால் வீட்டின்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். கீழ் வீட்டுக்காரரின் வாசல் ஒரு தெருவில், மேல் வீட்டுக்காரரின் வாசல் பின்னால் உயரத்திலுள்ள மற்றத் தெருவில். வார இறுதியில் உல்லாசப் பயணிகள் வந்து படம் எடுக்கும் அழகான ஊர் அது. நிலாவெளிக்கு வருகிறவர் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல அவர்களும் திரும்பிவிடுவார்கள். வெயின்ரைட் சவர்பி பிரிட்ஜில் வளர்ந்தவர். அதனால்தான் அவருடைய கமெரா வீடுகளின் பின்பக்கத்தால் நுழைகிறது.

எல்லோரும் புகழ்வதால் ஒரு குறையையும் சொல்கிறேன். மூன்றாம் பருவத்தில் மருந்துக்கடைக்காரர் பைசலின் கதையை நன்றாகவே தொடங்கினார்கள். மருத்துவரின் சீட்டில்லாமல் மாத்திரை விற்ற ஒரு மனிதன், அக்கம்பக்கத்தில் மரியாதையாக வாழ்கிறவன், அச்சத்தால் கொலைவரை போகிறான். முதலாம் பருவத்தில் சம்பள உயர்வு கேட்டு மறுக்கப்பட்ட கணக்காளர் கெவின், முதலாளியின் மகளைக் கடத்தும் யோசனையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தவிப்பானே, அதே வகையான பாத்திரம். ஆனால் கெவினுக்கு ஆறு அத்தியாயம் கொடுத்தவர்கள், பைசலின் முடிவைக் கடைசி அத்தியாயத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது ஏமாற்றம்தான்.

கிளெயர் விஷயத்தில் நான் அம்மாவின் கட்சி. றோய்ஸ் தன்னோடு ஓடிவரக் கூப்பிட்டபோது றையன் போகவில்லை. நேரில் போய்ப் பார்த்தபடியால்தான் அந்த மனிதனை அவனால் அளக்க முடிந்தது. பார்க்காமல் கற்பனையில் வளர்த்த தகப்பனாக இருந்திருந்தால் போயிருப்பான்.

மறுமொழி: பாலையூற்றான்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூதூர்ச் சகோதரர் எழுதியதைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

தங்கை கச்சேரியடி சொன்ன, தீர்ப்பில்லாத குற்றம் என்ற விளக்கத்துக்குப் பிறகு முதலாம் அத்தியாயத்தின் தொடக்கத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். விளையாட்டுத் திடலில் பெற்றோலால் நனைந்து நிற்கும் ஒரு இளைஞனிடம், கையில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, தன் வயது 47, விவாகரத்தானவள், ஒரு பிள்ளை இறந்துவிட்டது, மற்றது தன்னோடு கதைப்பதில்லை என்று கத்தரீன் தன்னை அறிமுகம் செய்கிறாரே, அது முதற்தடவை பகிடியாக இருந்தது. அதே பெற்றோல் முதலாம் பருவத்தின் முடிவில் படகிலும் பிறகு சமையலறையிலும் வருவதை அம்மாதான் எனக்குச் சொன்னார்.

ரீச்சர், அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?

மறுமொழி: அம்மன்கோவிலடி

அம்மா கேட்டால் மறைக்க முடியாது, தம்பி. எழுதினவர் அவசரத்தில் பெயரை விட்டிருப்பார் என்று சொன்னேன். “சரி ரீச்சர்” என்று சொல்லிவிட்டு, சான்றிதழைத் திரும்ப நான்காக மடித்தான். நான் சொல்வது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தேநீர்க் கடைக் காட்சியை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.